ஆடாமல் போட்ட எட்டரை

கடிதத்தில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரேஷன் அட்டையில் நான் பிச்சமுத்து, வாக்காளர் பட்டியலில் பிச்சைமூர்த்தி, கரண்ட் பில்லில் வெறும் பி. முத்து. ஒருவன் பிச்சைமுத்து என்று சரியாக எழுதுகிறான் என்றால் அவனுக்கு நம்மிடம் ஏதோ ஆகவேண்டியிருக்கிறது.

பெயருக்குக் கீழேதான் வேலையைக் காட்டியிருந்தார்கள். ‘ஓய்வு பெற்ற மணப்பாறை மாட்டுச் சண்டைத் தரகர்.’ நான் முப்பத்தெட்டு வருஷம் தரகு பார்த்தது மாட்டுச் சந்தையில். சந்தை. டைப் அடித்த எவனோ அதைச் சண்டையாக்கிவிட்டான். அந்தச் சண்டையில் எனக்கிருக்கும் நீண்ட அனுபவத்தைக் கருதி, போட்டிச் சண்டை விளையாட்டுத் திறனாய்வுப் பேரவை என்னைப் பொதுமக்கள் உறுப்பினராக நியமித்திருக்கிறதாம். இடம் ஸ்ரீரங்கம், ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, மாடி.

என் மகள் விஜயராணி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

“கம்ப்யூட்டர்ல ரெண்டு பொம்மை அடிச்சுக்கும்லப்பா, அந்த விளையாட்டு. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு எழுதித் தர்ற ஆபீஸாம்.”

“அதுக்கு ஒரு ஆபீஸா?”

“எதுக்குத்தான் இல்ல? போயிட்டு வாங்க. வீட்டுல உக்காந்து என் சாம்பாரத்தான ஆராயிறீங்க.”

நான் போனது பதவிக்காக இல்லை. மாடுகளை மோதவிட்டவன் என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய காகிதம் ஒன்று ஊரில் இருந்தால் நாளைக்கு எவனாவது கேஸ் போடுவான். அதைத் திருத்தி வாங்கிவிடலாம் என்று வீட்டுப் பக்கம் கருமண்டபத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன்.

செயலாளர் பெயர் தமிழ்மணி. சட்டைப் பையில் நாலு பேனா. நாலு பேனா வைத்திருக்கிறவன் எதையும் எழுதமாட்டான் என்பது என் அனுபவம்.

“பதிவேட்டுல ஏறினத மாத்த விதி கிடையாதுங்கய்யா,” என்றார். “நீங்க வேணா மாறிக்கலாம்.”

“இனிமே போயி மாட்ட மோதவிடச் சொல்றீங்களா?”

“அது உங்க சௌகரியம்ங்க.”

சொல்லிவிட்டு ஒரு கையேட்டை நீட்டினார். ‘சிறந்த திறனாய்வு எழுதுவது எப்படி?’ நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. எந்த வார்த்தையையும் தாண்டிக் குதிக்க முடியாது. விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் விதி: எழுதி முடிக்கும்வரை திறனாய்வாளர் ஆட்டத்தை ஆடக் கூடாது, ஆடினால் விருப்பு வெறுப்பு உண்டாகி நடுநிலை கெடும். எழுதி முடித்தபின் ஆடுவதற்கு அவசியம் இல்லை. நாலாவது விதி: எல்லாத் திறனாய்வும் ‘மனிதகுலம் தோன்றிய நாள்தொட்டு’ என்றே தொடங்க வேண்டும். ஒன்பதாவது: மூன்றாம் பத்தியில் ஓர் ‘இருப்பினும்’ வரவேண்டும், அதன் பிறகு குறை எதுவும் வரக் கூடாது. பதினான்காவது: பத்துக்கு ஏழுக்குக் கீழே போட்டால் ஆட்டம் செய்தவர் மனம் புண்படும், ஒன்பதுக்கு மேலே போட்டால் தலைக்கனம் ஏறும், ஆகவே ஆராய்ந்து பார்த்ததில் சரியான மதிப்பெண் எட்டரை.

தலைவர் முனைவர் அற்புதசாமி எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அது ஏற்கெனவே பலருக்குப் போர்த்திய சால்வை. மடிப்பு கலையவில்லை, பாச்சை உருண்டை வாசனையும் போகவில்லை. பிறகு பேசினார்.

“இந்தப் பேரவை தோன்றி ஆறாண்டுகள். அறுபத்து மூன்று சண்டை ஆட்டங்களை நான் திறனாய்ந்திருக்கிறேன். இன்றுவரை ஒன்றில்கூட ஒரு குத்து வாங்கியதில்லை, ஓர் உதை கொடுத்ததில்லை. கறைபடாத கை இது! ஆடுகிறவனுக்கு ஆட்டத்தைத் தவிர என்ன தெரியும்? நமக்கோ ஆட்டத்தைத் தவிர எல்லாம் தெரியும். ஆகவேதான் போட்டி நடத்துகிற இளைஞர்கள் நம் முத்திரை இல்லாமல் ஓர் ஆட்டத்தை மேடையேற்ற அஞ்சுகிறார்கள்.”

மற்ற ஆறு உறுப்பினர்களும் தட்டினார்கள். கை வலிக்காத தட்டு.

மூலையில் டிவியும் ஆட்டப் பெட்டியும் பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து இருந்தன. “போன ஆயுத பூஜைக்குத் திறந்தோம்ங்க,” என்றார் தமிழ்மணி.

மாட்டைக் கொட்டகையை விட்டு அவிழ்க்காமலே ‘நாலு பல்லு, நல்ல உழவு மாடு’ என்று அடித்துச் சொல்கிறவர்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாட்டையும் பார்த்திருக்க மாட்டார்கள், கொட்டகையையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு யாரும் பேரவை வைத்துக் கொடுக்கவில்லை.

வெளியே வந்தால், மாடிப்படிக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு, வயது இருபத்து நாலு இருக்கலாம். பெயர் ரிஃபானா, வீடு பாலக்கரை.

“புதுசா வந்த பப்ளிக் மெம்பர் நீங்கதானா தாத்தா? உங்க கையெழுத்து இருந்தாத்தான் சீல் போடுவாங்களாம்.”

கையெழுத்து என்றதும் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். “நான் எதுலயும் போடுறதில்லம்மா.”

“போட வேணாம். இதப் படிச்சாவது பாருங்க.”

அது அவள் ஆட்டத்துக்குப் பேரவை எழுதிய திறனாய்வு. ஆட்டத்தின் பெயர் ‘முட்டுச்சந்து’. பெரிய கடைவீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் மீன்காரம்மா, மூட்டை தூக்குகிறவர், பஸ் கண்டக்டர் என்று எட்டுப் பேர். இரண்டிரண்டு பேராக மோதிக்கொள்ள வேண்டும். திறனாய்வு மனிதகுலம் தோன்றிய நாளில் தொடங்கி, ‘கடலடிப் போர்க்காட்சிகள் கண்ணைக் கவர்கின்றன’ என்று போய், எட்டரையில் முடிந்தது.

“சந்துக்குள்ள கடல் எங்கம்மா வந்துச்சு?”

“வேற எவனோட ஆட்டத்துக்கோ எழுதினது தாத்தா. நானும் கேட்டேன். மீன்காரம்மா இருக்காங்கல்ல, கடல் இல்லாம மீன் எங்கேருந்து வரும்னு திருப்பிக் கேட்டாரு செகரட்டரி.”

“எட்டரைதான் போட்டிருக்காங்களே. வாங்கிட்டுப் போவேண்டியதுதான?”

அவள் லேப்டாப்பை மூடினாள். “ரெண்டு வருஷமா ஒத்தையாளா செஞ்சது. இதுல எங்கயோ ஒரு கோளாறு இருக்கு. இருக்குன்னு தெரியும், எங்கன்னு தெரியல. வீட்டுப் பிள்ளைங்க பாவம்னு எனக்கு விட்டுக்கொடுத்துத் தோத்துடுதுங்க. ஞாயித்துக்கிழமை உறையூர்ல போட்டி. அங்க வர்றவங்க விட்டுக்குடுக்க மாட்டாங்க. மேடையில வச்சுக் கண்டுபிடிச்சுச் சிரிச்சாங்கன்னா அதுக்கப்புறம் இந்த ஆட்டத்த ஒருத்தனும் தொடமாட்டான். அத்தா சொல்லிட்டாங்க, இது தேறலன்னா ஷார்ஜா. எங்க அண்ணன் ஹாலித் ஆபீஸ்ல பில் போடுற வேலை. விசாகூட வந்துடுச்சு.”

அழுதிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவள் அழவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

“ஆடிப் பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்,” என்றேன். போடாமல் தப்பிக்க இதுதான் வழி என்று நினைத்துச் சொன்னது. அவள் பையிலிருந்து இரண்டு கண்ட்ரோலரை எடுத்து ஒன்றை என் கையில் வைத்துவிட்டாள்.

செவ்வாயும் புதனும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தோற்றேன். முதல் நாள் ரிஃபானாவிடம் தோற்றேன். மறுநாள் காலை அலுவலகம் பெருக்க வந்த பவுனம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நின்று பார்த்தாள். லால்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஐம்பது வயதுக்காரி.

“நவுருண்ணே. பட்டன அமுக்கச் சொன்னா மாட்டு வாலக் கணக்கா முறுக்குற.”

அவள் மீன்காரம்மாவை எடுத்தாள். நான் மூட்டைக்காரரை எடுத்தேன். எடுத்ததுதான் தெரியும்.

“எங்கம்மா கத்துக்கிட்ட?”

“இங்கதான். தூசி தட்டச் சொன்னாங்க. தட்டுறப்ப ஒரு ரெண்டு ரவுண்டு. அறுவத்து மூணும் ஆடியாச்சு.”

“உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியுமா?”

“கேட்டாத்தான சொல்றதுக்கு?”

அவளுடைய இடது கட்டைவிரலைப் பார்த்தேன். நுனி காய்த்து, குதிகால் மாதிரி இருந்தது. என் விரலில் அப்போதுதான் கொப்புளம் வந்திருந்தது.

தோற்கத் தோற்க எனக்கு ஒன்று பிடிபட்டது. நடுச் சந்தில் விழும்போது ‘நான் தடுத்திருக்கலாம்’ என்று தோன்றியது. சுவரோரம் விழும்போது அப்படித் தோன்றவில்லை. பவுனம்மாள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ட்ரோலரை மாற்றிப் பார்த்தேன். இடம் மாறி உட்கார்ந்தேன். “கண்ணாடியையும் மாத்திப் பாக்கறியாண்ணே?” என்றாள். கடைசியில் ஆளையே மாற்றி, மீன்காரம்மாவை நான் எடுத்துக்கொண்டு, பவுனம்மாளின் ஆளைச் சுவரோரம் தள்ளி, கூடையால் காலில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தேன்.

அங்கேதான் சந்தேகம் உறுதியாயிற்று. நான் ஜெயிக்கிற ஓர் ஆட்டத்தில் கோளாறு இல்லாமல் இருக்க முடியாது.

பவுனம்மாளிடம் பழைய காலண்டர் தாள் ஒன்று வாங்கி, பின்பக்கத்தில் எழுதினேன்.

‘பிச்சைமுத்து எழுதுவது. இருநூற்று நாற்பது ஆட்டம் ஆடினேன். மூன்றில் ஜெயித்தேன். நடுச் சந்தில் தோற்றதெல்லாம் என் கை மந்தம், ஆட்டத்தின் மேல் பழி இல்லை. மீன்காரம்மா ஒருவரைச் சுவரோரம் தள்ளிக் கூடையால் காலில் அடித்தால், விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அடி விழுகிறது. உயிர் போகும்வரை எழ விடுவதில்லை. விழுந்தவர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நான் ஜெயித்த மூன்றும் இந்த மாதிரி ஜெயித்ததுதான். மூட்டைக்காரர் அடித்தால் கனம் தெரிகிறது, அது நன்றாயிருக்கிறது. கண்டக்டர் விசில் அடித்தால் எதிராளி நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஐம்பது ஆட்டம் கழித்துத் தெரிந்தது. மதிப்பெண் எனக்குப் போடத் தெரியாது.’

ஒன்றை ரிஃபானாவிடம் கொடுத்தேன். அதைப் பார்த்து இன்னொரு காலண்டர் தாளில் எழுதித் தமிழ்மணியிடம் கொடுத்தேன். அவர் படிக்காமல் எண் போட்டுத் தபால் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்.

ரிஃபானா மூன்று தடவை படித்தாள். முதல் தடவை முகம் சுண்டிப்போயிற்று. மூன்றாவது தடவை நெற்றியில் அடித்துக்கொண்டாள். “யா அல்லா! சுவரோரம் எந்திரிக்கிற நேரத்த நான்தான் குறைச்சு வச்சேன். ஆட்டம் விறுவிறுன்னு இருக்கட்டும்னு.” லேப்டாப்பை அள்ளிக்கொண்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

வியாழன் மதியம் திரும்பி வந்தாள். பவுனம்மாள் என்னைச் சுவரோரம் தள்ளிக் கூடையால் அடித்தாள். நான் எழுந்தேன். எழுந்து தோற்றேன். ஆனால் எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பேரவை கூடியது. சீலுக்காக வந்த ரிஃபானாவும் ஓரமாக நின்றிருந்தாள். அற்புதசாமி என் திறனாய்வைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பினார். முன்பக்கம் காலண்டர்.

“இதில் மனிதகுலம் எங்கே ஐயா?”

“அது ஆட வரலீங்க.”

“நீங்கள் ஆடினீர்களா?”

“ஆடாம எப்படிங்க எழுதறது?”

ஓர் உறுப்பினர் தண்ணீர் கேட்டார். இன்னொருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அற்புதசாமி மட்டும் நிதானம் இழக்கவில்லை. மதிப்பெண் இல்லாத திறனாய்வு செல்லாது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் மதிப்பெண் சொல்லட்டும் என்றார். எப்படித் தெரியாமல் சொல்வது என்பதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று யோசித்தார்கள்.

“எங்க சந்தையில துண்டுக்கடியில விரலப் புடிச்சுத்தான் பேசுறது,” என்றேன். “பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது.”

“பாரம்பரியம்!” என்று எழுந்தே விட்டார் தலைவர். அரை நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது.

தோளில் கிடந்த துண்டை விரித்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்தேன். ஏழு பேரும் எட்டு விரலும் அரையும்தான் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. மாட்டுக்குப் பல் என்றால் இந்த ஆட்டக்காரனுக்குக் கட்டைவிரல் என்பதை இரண்டு நாளில் கற்றிருந்தேன். ஏழு பேர் விரலையும் தடவிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறினேன்.

“ஏழு கட்டைவிரலும் வெண்ணெய் மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணு ஆட்டத்த மட்டும் இல்ல, எந்த ஆட்டத்தையும் நீங்க தொட்டதில்ல. தொட்டது அந்தம்மா ஒருத்திதான்.” வாசலில் நின்ற பவுனம்மாளைக் காட்டினேன். அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த வயதிலும் எனக்கு அந்த அளவு நம்பிக்கை மிச்சமிருந்திருக்கிறது.

“கேட்டீர்களா!” அற்புதசாமி நெகிழ்ந்துபோனார். “வெண்ணெய் போன்ற விரல்கள்! ஆறாண்டுக் கால நடுநிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? குறிப்பில் ஏற்றுங்கள். இனி ஆண்டுதோறும் விரல் சோதனை நடக்கும். காய்ப்பு கண்டவர் உறுப்பினர் தகுதி இழப்பார். அந்த அம்மையார் இனிமேல் பெட்டியைத் தூசி தட்ட வேண்டாம்.”

“எனக்கென்னங்க, நீங்கதான் தும்மணும்,” என்றாள் பவுனம்மாள்.

இதற்குள் தமிழ்மணி பதிவேட்டைப் புரட்டி வெளுத்துப்போனார். பொதுமக்கள் உறுப்பினரின் திறனாய்வுக்கு எண் போட்டாயிற்று. எண் போட்டதே பேரவையின் திறனாய்வு. அதை நீக்க விதி இல்லை. சரி, தொலையட்டும், எட்டரையை ஓரத்தில் எழுதி முத்திரை குத்திவிடலாம் என்று முடிவானது. முத்திரையை மையில் வைத்துவிட்டார்கள்.

அப்போது ரிஃபானா வாயைத் திறந்தாள். “அந்த சுவரோரக் கோளாறு இப்ப இல்லீங்க. சரி பண்ணிட்டேன்.”

தமிழ்மணியின் கை அந்தரத்தில் நின்றது. “சரி பண்ணிட்டீங்களா? அப்ப திறனாய்வு பொய்யாப் போயிடுமேங்க!”

“திறனாய்வப் பாத்துத்தாங்க சரி பண்ணினேன்.”

“திறனாய்வு எழுதறது திருத்தறதுக்காம்மா?”

அற்புதசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மகளே, நம் ஏட்டில் ஒரு குறை பதிவாகியிருக்கிறது. உன் ஆட்டத்தில் அந்தக் குறையைக் காணவில்லை. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். ஏடு தவறாது. ஆகவே குறையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்குள் வா. முத்திரை உனக்காகக் காத்திருக்கும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

“திரும்ப வைக்க ரெண்டு நிமிஷம் போதும் தாத்தா. சீல் கிடைச்சிடும். ஞாயித்துக்கிழமை மேடை ஏறிடலாம்.”

நான் துண்டை மடித்துத் தோளில் போட்டேன். யோசனை சொன்னால் நாளைக்கு ‘நீங்கதான சொன்னீங்க’ என்று வரும். அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டுப் போனை எடுத்தாள். போட்டி நடத்துகிற பையன்களில் மூத்தவன் ஜூட். அவனுடைய குரல் எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“சீல் வாங்கிட்டீங்களாக்கா?”

“இல்ல ஜூட். கிடைக்காது. ஒரு காகிதம்தான் இருக்கு. படிக்கவா?”

காலண்டர் தாளை முழுக்கப் படித்தாள். டீ குடிக்கப் போகலாம் என்ற இடத்தில் அவன் சிரிப்பது கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

“இத எழுதினவரு எத்தனை மேட்ச் ஆடினாரு?”

“இருநூத்தி நாப்பது.”

“ஜெயிச்சது மூணுதானா?”

“மூணுதான். அதுவும் கோளாறுல.”

“அத அவரே எழுதியிருக்காரு பாருங்க. அக்கா, நாங்க சீல் கேக்குறதே யாராச்சும் ஒருத்தர் ஆடிப் பாத்திருப்பாங்கன்னு நம்பித்தான். ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துடுங்க. அந்தப் பேப்பர மறக்காம கொண்டுவாங்க, சுவத்துல ஒட்டணும்.”

இவ்வளவு சுலபமாக ஒருவன் சரி என்றால் அதில் ஏதாவது இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை நானும் உறையூர் போனேன். கல்யாண மண்டபம். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோர் கட்டைவிரலும் காய்த்திருந்தது. ‘முட்டுச்சந்து’ மேடையேறிய பத்தாவது நிமிஷம், ஆடிய இரண்டு பேரும் தங்கள் ஆட்களை ஒரே நேரத்தில் எகிறவிட்டார்கள். எகிறிய மூட்டைக்காரரும் கண்டக்டரும் கீழே இறங்கவில்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக்கொண்டு வானத்தில் தொங்கினார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ரிஃபானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்து, “அக்கா, இங்க வாங்க, இது எப்படி ஆச்சுன்னு பாருங்க,” என்று கூப்பிட்டான். இன்னொருவன், “அப்படி இல்லடா, குனிஞ்சுட்டு எகிறினாத்தான் ஒட்டும்,” என்றான். மூன்றாமவன் வந்து இரண்டு பேரும் முட்டாள் என்றான். ரிஃபானா நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் தலை எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் முதுகுகள்தான் தெரிந்தன.

இரண்டு மணி சுமாருக்கு அவளுடைய அத்தா அப்துல் சலாம் வந்தார். பாலக்கரையில் கோரைப்பாய்க் கடை வைத்திருக்கிறவர். மகளைக் கூட்டிப்போக வந்தவர் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்று, பிறகு என் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“என்னண்ணே, எல்லாருமாச் சேந்து புள்ளையத் திட்டுறாங்களா?”

“ஆமா பாய். காலையிலேருந்து திட்டுறாங்க. இது சரியில்ல, அது சரியில்லன்னு.”

“சாப்பிடலையா யாரும்?”

“சாப்பாடு வந்து ஆறிக் கெடக்கு. ஒருத்தனும் எந்திரிச்சுப் போகல.”

அவர் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து ரிஃபானாவின் குரல் வந்தது, “அடுத்த வாரம் சரி பண்ணிக் கொண்டாரேன், இதே ஆளுங்க வரணும்,” என்று. வரமாட்டோம் என்று ஒருவனும் சொல்லவில்லை.

அப்துல் சலாம் தாடியை இரண்டு தடவை நீவினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“ஹாலித்து, அத்தா பேசறேன். அந்த வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு. தங்கச்சிக்கு இங்க வேலை நெறையக் கெடக்கு.”